முன்பு பார்த்த பக்கங்களை எடுத்துத் தரும் உலாவி நீட்சி: எப்படி வடிவமைப்பது, எப்படிச் சோதிப்பது?

நீரோடை (மட்டக்களப்பு)

வணக்கம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகக் குரோம் உலாவிக்கு ஒரு நீட்சி (உலாவியோடு சேர்ந்து இயங்கும் சிறு நிரல்) எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தைத் திறந்ததும், அதனோடு தொடர்புடையதாக நாம் முன்பு பார்த்திருக்கும் பக்கங்களைத் தேடி எடுத்து வலப்பக்கப் பலகையில் அடுக்கிக் காட்டும். நெல்லில் வரும் தத்திப்பூச்சி பற்றி இன்று எதையாவது திறந்தால், போன மாதம் படித்த விவசாயத் திணைக்களப் பக்கம், அதன் பிறகு பார்த்த பசளை விவரம் எல்லாம் கேட்காமலே வந்து நிற்க வேண்டும் என்பது எண்ணம்.

தொடர்பைக் கண்டுபிடிக்க இப்போதைக்குப் பக்கத் தலைப்புகளை மட்டும் எடுத்து, சொற்களின் ஒற்றுமையைக் கணக்கிடுகிறேன். ஆய்வுகூடத்தில் நண்பர்களை உட்கார வைத்துச் சில பக்கங்களைப் படிக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து அவற்றையே திரும்பக் கண்டுபிடிக்கச் சொன்னேன். எல்லோரும் நொடிகளில் கண்டுபிடித்தார்கள். முடிவை அனுப்பியதும் என் மேற்பார்வையாளர், "இது எதையும் நிரூபிக்கவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார். விளக்கம் கேட்டால், "யோசித்துப் பாருங்கள்" என்கிறார். யோசித்தும் பிடிபடவில்லை. தமிழ்ப் பக்கங்கள் ஒன்றோடொன்று சேராமல் சிதறுவது இன்னொரு தலைவலி. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

இளம்பிறை (அக்கரைப்பற்று)

தங்கச்சி, அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்திருக்காது, அது வேறு விடயம்.

ஒரு மணி நேரத்தில் யாரும் எதையும் மறப்பதில்லை. மறந்த பிறகுதான் உங்கள் நீட்சிக்கு வேலையே தொடங்குகிறது. மறக்காதவர்களை வைத்துச் சோதித்தால், நீட்சி இல்லாமலும் அவர்கள் அதே வேகத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். இல்லாமல் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்தீர்களா? அளக்கவில்லை என்றால் ஒப்பிட எதுவும் இல்லை. ஒப்பீடு என்றால் வெறுங்கையோடு அல்ல. உலாவியின் சொந்த வரலாற்றுப் பட்டியலும் கூகுளும் கையில் இருக்கும் ஒருவரோடு ஒப்பிட வேண்டும். உங்கள் உண்மையான போட்டியாளர்கள் அவைதாம்.

இன்னொன்று, வேலையை எப்படிக் கொடுத்தீர்கள்? "தத்திப்பூச்சிக் கட்டுப்பாடு என்ற பக்கத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லியிருந்தால், தேட வேண்டிய சொல்லை நீங்களே வாயில் ஊட்டிவிட்டீர்கள். உண்மையில் மனிதருக்குத் தலைப்பு நினைவில் இருப்பதில்லை. "மருந்து அடிக்காமல் தண்ணீரை வடியவிடச் சொன்ன அந்தப் பக்கம்" என்றுதான் நினைவில் இருக்கும். வேலையை அப்படி எழுதுங்கள்.

கல்லடிக் காற்று (மட்டக்களப்பு)

பிறை அக்கா சொன்ன மறதி விடயத்துக்கு ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது. 1997இல் டௌஷரும் கிரீன்பெர்க்கும் 23 பேரின் உலாவலைப் பதிவு செய்து பார்த்தபோது, திறந்த பக்கங்களில் 58 வீதம் ஏற்கெனவே பார்த்தவை. 2001இல் காக்பர்னும் மெக்கென்சியும் 17 பேரை வைத்துப் பார்த்தபோது 81 வீதம். 2007இல் ஓபன்டோர்ப் குழுவினர் 25 பேரை எடுத்தார்கள், அங்கே ஏறக்குறைய 46 வீதம். எண்கள் ஏன் இப்படி ஆடுகின்றன என்று கேட்காதீர்கள். ஆட்கள் வேறு, காலம் வேறு, எதை ஒரே பக்கம் என்று எண்ணுவது என்பதும் வேறு.

கவனிக்க வேண்டியது, 2007 ஆய்வில் மறுவருகைகளில் பெரும்பங்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்தவை. அதற்குப் பின்செல் பொத்தானும் திறந்திருக்கும் தாவல்களும் போதும். ஒரு வாரம் கழித்துத் திரும்புவது சிறு பங்குதான், ஆனால் ஆட்கள் திண்டாடுவது அங்கேதான். நீங்கள் கட்ட வேண்டியதும் சோதிக்க வேண்டியதும் அந்தச் சிறு பங்கை.

இனி வடிவமைப்பு. தலைப்பு ஒற்றுமையை வைத்துத் தொடர்பைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. 1945இல் அமெரிக்கப் பொறியாளர் வனவர் புஷ் தி அட்லாண்டிக் இதழில் எழுதிய கட்டுரையை எடுத்துப் படியுங்கள். மேமெக்ஸ் என்று ஒரு கற்பனை இயந்திரம். அதை வைத்திருப்பவர், சிலுவைப் போர்களில் துருக்கியரின் குறுவில் ஆங்கிலேயரின் நெடுவில்லைவிட ஏன் மேலாக இருந்தது என்று தேடுகிறார். கலைக்களஞ்சியம், வரலாற்று நூல் என்று போய், விஷயம் பொருளின் மீள்தன்மையில் இருக்கிறது என்று தெரிந்ததும் இயற்பியல் அட்டவணைகளுக்குத் தாவுகிறார். போன தடம் முழுவதும் அப்படியே சேமிக்கப்படுகிறது. வில்லுக்கும் மீள்தன்மை அட்டவணைக்கும் ஒரு சொல்கூடப் பொதுவாக இருக்காது. உங்கள் கணக்கீடு அந்த இரண்டையும் ஒருநாளும் சேர்க்காது. தேடியவர் நடந்த வழிதான் சேர்க்கும்.

அந்த வழி உங்கள் கணினியிலேயே ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. குரோம், பயர்பொக்ஸ் இரண்டும் வரலாற்றை எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன. ஒவ்வொரு வருகைக்கும், எந்த வருகையிலிருந்து வந்தது என்ற குறிப்பு உண்டு. அதைத் தொடர்ந்து போனால் மரம் மாதிரி ஒரு வரைபடம் கிடைக்கும். அதைக் காட்டுங்கள்.

மருதமுனை நெசவாளி (மருதமுனை)

காற்று அண்ணா, வரைபடம் அழகாகத்தான் இருக்கும். செய்து பார்த்தவன் சொல்கிறேன், பாதி வழி கூகுளிலும் பேஸ்புக்கிலும் போய் முட்டி நிற்கும். தத்திப்பூச்சியும், கிரிக்கெட் ஓட்ட விவரமும், பாஸ்போட் விண்ணப்பமும் ஒரே தேடல் பக்கத்தின் பிள்ளைகளாகத் தொங்கும். புதிய தாவலில் முகவரியைத் தட்டினால் தடமே அறுந்துவிடும். புஷ் கற்பனை செய்த மனிதர் ஓர் ஆய்வாளர், ஒரு வேலையாக உட்கார்ந்து தேடுபவர். நம் ஆட்கள் தேநீர் ஆறுவதற்குள் ஐந்து விடயம் பார்ப்பவர்கள்.

தடம், நேரம், சொல் ஒற்றுமை மூன்றையும் சேர்த்து எடை போட வேண்டும். கேட்லெட்ஜும் பிட்கோவும் 1995இல் தங்கள் ஆய்வின் உலாவல் பதிவுகளைப் பிரிக்கும்போது 25.5 நிமிட இடைவெளியை ஓர் அமர்வின் எல்லையாக எடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் அதை 30 நிமிடமாக உருட்டிக்கொண்டார்கள். தொடங்குவதற்கு அது போதும்.

நீரோடை, நிரலில் ஒன்றைக் கவனியுங்கள். குரோமிடம் வரலாற்றைக் கேட்கும்போது தொடக்க நேரம் கொடுக்காவிட்டால், கடைசி 24 மணி நேரத்தை மட்டும்தான் தரும். எண்ணிக்கை கொடுக்காவிட்டால் 100 பதிவோடு நிறுத்திக்கொள்ளும். "போன மாதப் பக்கம் வரவில்லை" என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள், பிழை அந்த ஒரு வரியில் இருக்கும். குரோம் தன் வரலாற்றை ஏறக்குறைய 90 நாளில் அழித்தும் விடுகிறது. ஒரு போகத்தில் பார்த்ததை அடுத்த ஆண்டு அதே போகத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் நீங்களே தனியாகச் சேமிக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி (மட்டக்களப்பு)

நான் கணினிக்காரன் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியன், ஊர் வரலாறு தேடுகிறவன். பயன்படுத்தப் போகிற ஆள் என்ற முறையில் ஒரு வார்த்தை.

நூலகம் இணையத்தளத்தில் பழைய இதழ்களைத் தேடும்போது, ஒரே சஞ்சிகையின் இதழ்களுக்கு ஆண்டும் மாதமும் மட்டும்தான் தலைப்பில் மாறும். பிள்ளையின் நீட்சியை அங்கே விட்டால் நூறு இதழையும் 'தொடர்புடையவை' என்று கொண்டுவந்து கொட்டும். எனக்கு வேண்டியது அதில் ஒன்று, வாவி மீன்பிடி பற்றிய கட்டுரை இருந்த இதழ். அன்று அதைப் பார்க்கும்போது பக்கத்தில் வேறு எதைத் திறந்து வைத்திருந்தேன் என்பதுதான் எனக்கு அடையாளம்.

பழைய தளங்கள் இன்னொரு தொல்லை. யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டியவை இன்னும் கிடக்கின்றன. பக்கத்துக்குள் தமிழ் ஒழுங்காகத் தெரியும். வரலாற்றுப் பட்டியலில் பார்த்தால் தலைப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். அதை வைத்து எதைக் கண்டுபிடிப்பது?

கல்லடிக் காற்று

ஐயா சொன்னது எனக்குச் சாதகமான சாட்சி என்று குறித்துக்கொள்கிறேன். நெசவாளி நானாவின் தேடல் பக்கத்தை மட்டும் மரத்திலிருந்து வெட்டிவிட்டு, தட்டிய சொற்களைக் கிளையின் பெயராக வைத்தால் முட்டுக்கட்டை பாதி தீரும்.

மருதமுனை நெசவாளி

பாதி தீரும். மறு பாதிக்கு நேரத்தைத்தான் கூப்பிட வேண்டும். சரி, தமிழுக்கு வருகிறேன், அதைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஒன்று: மட்டக்களப்பு, மட்டக்களப்பில், மட்டக்களப்புக்கு, மட்டக்களப்பிலிருந்து. இந்த நான்கும் உங்கள் கணக்கீட்டுக்கு நான்கு வேறு சொற்கள். அதனால்தான் பக்கங்கள் சிதறுகின்றன. வேர்ச்சொல் பிரிப்பான் தேடி அலைய வேண்டாம். சொல்லை முழுதாக எடுக்காமல் மூன்று, நான்கு எழுத்துத் துண்டுகளாக நறுக்கி ஒப்பிடுங்கள். விகுதி மாறினாலும் முன்பாதித் துண்டுகள் பொருந்தும். நறுக்கும்போது மெய்யையும் அதன் புள்ளியையும் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: 'கொ' என்பதை ஒருவர் க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடாகச் சேமித்திருப்பார். இன்னொருவர் க, ஓர் ஒகரக் குறி என்று இரண்டாக. திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. ஒப்பிடுவதற்கு முன் யுனிகோட் இயல்பாக்கம், அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக்குவது, செய்யாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள்.

மூன்று: தலைப்பு இல்லாத பக்கத்துக்கு முகவரியைக் காட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் அது %E0 போன்ற வீதக் குறிகளாக மாறித்தான் சேமிக்கப்படும். ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து. 'மட்டக்களப்பு' என்ற ஒரே சொல்லில் 12 குறியீடுகள், ஆக 108 எழுத்து. பலகையின் அகலம் முழுவதையும் அந்தச் சங்கிலி தின்றுவிடும். காட்டும்போது திருப்பித் தமிழாக்கிக் காட்டுங்கள்.

ஐயாவின் பாமினிப் பக்கங்களுக்கு யுனிகோடாக மாற்றும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. எழுத்துருவின் பெயரைப் பக்கத்திலிருந்து படித்து, பாமினி என்றால் தலைப்பை மாற்றிச் சேமிக்கலாம்.

நீரோடை

நானா, மூன்றும் பொன். 'கொ' விடயத்தை இன்றிரவே பார்க்கிறேன்.

ஆனால் காற்று அண்ணாவும் நீங்களும் பேசுவது எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைப் பற்றி. வந்த பக்கத்தை ஆட்கள் பார்ப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அம்மாவின் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். பலகை திறந்தே இருக்கிறது, அவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

இளம்பிறை

அம்மாவிடம் குறை இல்லை. இதையே ஓர் ஆசிரியையிடம் பார்த்திருக்கிறேன். சென்ற வாரம் பார்த்த கடந்தகால வினாத்தாள் ஒன்று அவருக்கு வேண்டும். திரையின் ஓரத்தில், பட்டியலின் நான்காவது வரியில் அது நிற்கிறது. கண் அங்கே போகவில்லை. புதிய தாவலைத் திறந்தார். சென்ற வாரம் தட்டிய அதே சொற்களைக் கூகுளில் தட்டினார். முடிவுகளில் எது ஊதா நிறமாக மாறியிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே வந்து, அதைச் சொடுக்கினார். "ஓரத்தில் இருப்பதைப் பார்த்தீர்களா?" என்று பிறகு கேட்டேன். "விளம்பரம் என்று நினைத்தேன்" என்றார்.

ஆட்கள் திரும்பத் தேடித்தான் திரும்ப வருகிறார்கள். யாஹூ தேடல் பதிவுகளை வைத்து ஜெய்மி டீவன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தேடல்களில் 40 வீதம் வரை முன்பு கண்டதை மறுபடி கண்டுபிடிப்பதற்கானவை என்று காட்டினார்கள். அப்படியானால் பலகையை ஓரத்தில் வைப்பதைவிட, தேடல் முடிவுகளுக்கு மேலே ஒரு வரியாக வைப்பது நல்லது: "இதே தேடலிலிருந்து முன்பு நீங்கள் போன பக்கங்கள்." கண் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும்.

வில்லியம் ஜோன்ஸ் குழுவினர் 2001இல் எழுதியதும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. புக்மார்க் இருக்கத்தக்கதாக ஆட்கள் தங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பினார்கள், அச்செடுத்தார்கள், முகவரியை ஒரு கோப்பில் ஒட்டி வைத்தார்கள். இன்று நம்மூரில் தனக்குத் தானே வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். ஏன் தெரியுமா? வட்ஸ்அப்பை எப்படியும் திறப்பார்கள்.

கல்லடிக் காற்று

ஆட்கள் தாமாக அடுக்க வேண்டிய கருவி எதுவும் நிலைப்பதில்லை என்பதற்கு பயர்பொக்ஸ் ஓர் உதாரணம். தாவல்களைக் கூட்டம் கூட்டமாக விரித்து வைக்கும் வசதியை 2011இல் நான்காம் பதிப்போடு கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பயன்படுத்துவோர் குறைவு என்று 2016இல் தூக்கிவிட்டார்கள். தாவல் குழுக்கள் மறுபடி 2025இல்தான் வந்தன. குரோம் 2022இல் வேறு வழி போனது: பயனர் எதுவும் செய்ய வேண்டாம், தேடல்களைத் தானே கூட்டமாக்கி வரலாற்றுப் பக்கத்தில் காட்டியது. நீரோடை செய்வது இந்த இரண்டாம் வகை. பாதை சரி. ஆனால் குரோம் அதை வரலாற்றுப் பக்கத்துக்குள் கொண்டுபோய் ஒளித்தது, அங்கே யார் போகிறார்கள்?

மருதமுனை நெசவாளி

ஒளித்ததற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது, அண்ணா.

எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒரு மடிக்கணினி. ராத்தா வேலை விண்ணப்பம் நிரப்புவார், தம்பி உயர்தரப் பாடம் பார்ப்பான், வாப்பா செய்தி படிப்பார். உலாவியில் தனித்தனிக் கணக்கு யாரும் போடுவதில்லை. ராத்தா ஒரு நோயைப் பற்றி நேற்று எதையோ படித்திருக்கிறார். இன்று தம்பி உயிரியல் பாடத்துக்காக அதே உறுப்பைத் தேடுகிறான். நீட்சி உடனே, "இதனோடு தொடர்புடையதாக முன்பு பார்த்தவை" என்று எடுத்து நீட்டும். வீட்டுக்கு வந்தவருக்கு அலுமாரியைத் திறந்து காட்டுவது போன்றது இது. வரலாற்றுப் பக்கத்திலும் அதே விவரம் இருக்கிறது, உண்மை. ஆனால் அங்கே ஒருவன் வேண்டுமென்று போக வேண்டும். நீங்கள் வழியிலேயே பிடித்து நிறுத்திக் காட்டுகிறீர்கள்.

கேட்டால் மட்டும் காட்டுங்கள். ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

இளம்பிறை

கேட்டால் மட்டும் காட்டும் பொத்தானை யாரும் அழுத்த மாட்டார்கள், நானா. தன்னிடம் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதையே மறந்தவர் எதைக் கேட்பார்? நீரோடையின் கருவிக்கு உயிரே அந்த 'கேட்காமலே' என்ற சொல்தான்.

மருதமுனை நெசவாளி

உயிர் போனாலும் மானம் போகக்கூடாது என்று சொல்கிற ஊர் இது.

நீரோடை

இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள். தலைப்புகளைக் காட்டாமல், உலாவியின் மேற்பட்டையில் இருக்கும் சின்னத்தில் ஓர் எண் மட்டும் காட்டினால்? 'தொடர்புடைய பக்கம் 4 இருக்கிறது' என்று தெரியும், என்ன பக்கம் என்று தெரியாது. அழுத்தினால் விரியும்.

மருதமுனை நெசவாளி

அது பரவாயில்லை. அதோடு, ஒரு பக்கத்தை 'இனி ஒருபோதும் எடுத்துக் காட்டாதே' என்று சொல்ல ஒரே சொடுக்கில் வழி வேண்டும். மருத்துவம், வங்கித் தளங்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுங்கள்.

இளம்பிறை

எனக்கு முழுத் திருப்தி இல்லை. அந்தச் சிறிய எண்ணை முதல் வாரம் பார்ப்பார்கள், பிறகு அதுவும் திரையின் அழுக்காகிவிடும். ஆனால் வாதத்தால் தீராது, சோதித்துப் பாருங்கள். எண் காட்டும் வடிவம் ஒன்று, தேடல் முடிவுக்கு மேல் வரி காட்டும் வடிவம் ஒன்று.

சோதனையை இப்படி வையுங்கள். முதல் அமர்வில் ஆட்களை அவர்கள் சொந்தத் தேவைக்கே உலாவ விடுங்கள். நீங்கள் கொடுத்த பக்கம் அவர்கள் மனதில் ஒட்டாது. ஒரு வாரமாவது இடைவெளி. பிறகு அவர்கள் பார்த்ததிலிருந்தே வேலைகளை எழுதுங்கள், தலைப்புச் சொல் ஒன்றும் வராமல். பாதிப் பேர் முதலில் நீட்சியோடு, பிறகு நீட்சி இல்லாமல். மறு பாதி தலைகீழாக. இல்லாவிட்டால் பழகிப்போன வேகத்தை உங்கள் நீட்சியின் வேகம் என்று எண்ணிவிடுவீர்கள்.

நேரத்தை மட்டும் அளக்காதீர்கள். முதலில் கை எங்கே போனது, தவறான பக்கம் எத்தனை திறந்தார், எந்த இடத்தில் கைவிட்டார் என்பவற்றையும் எழுதுங்கள். அந்த முதல் கைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. 10 கேள்விப் பயன்பாட்டு வினாக்கொத்தைக் கடைசியில் கொடுங்கள், ஆனால் 100க்கு 68க்கு மேல் வந்தால் சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நண்பர்கள் எப்போதும் நல்ல மதிப்பெண் போடுவார்கள்.

'ஐந்து பேர் போதும்' என்று பயன்பாட்டு ஆய்வாளர் நீல்சன் எழுதியதை யாராவது இங்கே எடுத்துப் போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது குறைகளைக் கண்டுபிடிக்க. எது வேகமானது என்று ஒப்பிட ஐந்து பேர் போதாது.

கல்லடிக் காற்று

எடுத்துப் போடத்தான் இருந்தேன்.

ஒரு சேர்க்கை. ஆட்களின் வரலாற்றை உங்கள் சேர்வருக்கு அனுப்ப வேண்டாம். முகவரியோ தலைப்போ கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. வேலைகளை எழுதுவதற்கு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமென்றால், அவர் பக்கத்தில் இருந்து, அவர் அனுமதித்ததை மட்டும் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்து, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நீட்சியை நிறுவும்போது, உங்கள் உலாவல் வரலாற்றைப் படிக்கவும் மாற்றவும் முடியும் என்று குரோம் எச்சரிக்கை காட்டும். அதைப் பார்த்துப் பயந்து விலகுகிறவர்களையும் குறித்து வையுங்கள். அதுவும் ஒரு சோதனை முடிவுதான்.

திருக்கோவில் வயல் (திருக்கோவில்)

இவ்வளவையும் வாசித்தேன். ஒரு கேள்வி. இது எல்லாம் கணினிக்குத்தானே? எங்கள் கமக்காரர் சங்கத்தில் மடிக்கணினி வைத்திருப்பவரை விரல் விட்டு எண்ணலாம். பூச்சி பற்றித் தேடுகிறவர் வரம்பில் நின்றுகொண்டு தொலைபேசியில் தேடுகிறார்.

மருதமுனை நெசவாளி

இழையிலேயே நல்ல கேள்வி. அண்ட்ரொய்ட் தொலைபேசியில் குரோம் நீட்சிகளை ஏற்காது. பயர்பொக்ஸ் ஏற்கும், 2023 டிசம்பரிலிருந்து நீட்சிகளுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். நீரோடை, நிரலின் பெரும்பகுதி இரண்டுக்கும் பொதுதான். ஆனால் தொலைபேசி பயர்பொக்ஸில் நீட்சிகளுக்கு வரலாற்றைப் படிக்கும் வசதி இல்லை, போகிற பக்கத்தை நீங்களே குறித்துச் சேமிக்க வேண்டும். பக்கப்பலகைக்கும் அங்கே இடம் இல்லை.

நீரோடை

பலகையை நான் ஏற்கெனவே மனதில் கைகழுவிவிட்டேன், நானா. தொலைபேசியில் தேடல் முடிவுக்கு மேல் ஒரு வரி என்றால் பிறை அக்காவின் வடிவம் அப்படியே பொருந்தும். எண் காட்டும் வடிவத்தை மடிக்கணினிக்கு வைத்துக்கொள்கிறேன். ஏட்டுச்சுவடி ஐயா, உங்கள் மடிக்கணினியில் போட்டுத் தந்தால் பயன்படுத்திப் பார்ப்பீர்களா? தடத்தை வைத்துச் சேர்க்கும் பகுதிக்கு உங்களைவிட நல்ல ஆள் கிடைக்காது.

திருக்கோவில் அண்ணா, உங்கள் சங்கத்தில் சிலரை எனக்கு ஏற்பாடு செய்து தர முடியுமா? இரண்டு தடவை சந்திக்க வேண்டும், இடையில் ஒரு வாரம்.

ஏட்டுச்சுவடி

வாருங்கள் பிள்ளை. பாமினியைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

திருக்கோவில் வயல்

தங்கச்சி, பெரும்போக விதைப்புக்கு முன் வந்தால் ஆட்கள் கிடைப்பார்கள். வயலில் இறங்கிவிட்டால் ஒருவரும் உட்கார மாட்டார்கள். சங்கக் கூட்டம் முடிந்த கையோடு வையுங்கள், ஆட்களைத் தனியாகக் கூப்பிட வேண்டியதில்லை. பயர்பொக்ஸை இறக்கி நிறுவும் வேலையை நீங்களே செய்து கொடுக்க வேண்டும், டேட்டாவும் உங்கள் செலவு.